கேட்கப் பழக்குவோம்

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில், பழுதான என் கைபேசியை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தவன் என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தான். முந்தைய ஆண்டு எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். கணிதத்தில் நல்ல மதிப்பெண். மாவட்டத் தலைநகரில் உள்ள கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருந்தான். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான்.

"லீவுல வேலைக்கு வந்தியா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். காலேஜ் நின்னுட்டேன்."

"ஏன்டா?"

"மூணு அரியர் சார். ஃபர்ஸ்ட் செமஸ்டர்லயே ஃபெயில். அதுக்கு மேல போய் என்ன சார் பண்றது?"

"உங்க டியூட்டர்கிட்ட பேசினியா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "டியூட்டர்னா யாரு சார்?"

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. ஏழு மாதங்களுக்கு முன்னால், இவன் கல்லூரியில் சேர்ந்த அன்று, சேர்க்கை ரசீதைப் படமெடுத்துப் பள்ளிக் குழுவில் பகிர்ந்தவன் நான். எங்கள் பள்ளியின் உயர்கல்விச் சேர்க்கைப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'சேர்ந்துவிட்டார்' என்று குறித்ததும் நானே. சேர்த்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

நம் மாணவர்கள் கல்லூரிக்குள் நுழைவதற்கு இன்று பல வழிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் நடைமுறைக்கு வந்தது. 2022-இல் 'நான் முதல்வன்' தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் மாதம் 1,000 ரூபாயை மாணவர் கணக்கிலேயே சேர்க்கின்றன. 'உயர்வுக்குப் படி' முகாம்கள் விடுபட்டவர்களையும் தேடி அழைக்கின்றன. வாசல் திறந்திருக்கிறது. உள்ளே போன பிள்ளை தடுமாறும்போது யாரிடம் போய் நிற்பது என்பதை நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா என்பதே என் கேள்வி.

அரியர் என்றால் தோல்வி என்று நினைத்தவன்

மறுநாள் அவனை வீட்டுக்கு வரச்சொல்லி மெதுவாக விசாரித்தேன். அவனுக்குக் கல்லூரியின் அடிப்படை விதிகளே தெரியவில்லை. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் தேறாதவர் பத்தாம் வகுப்புக்குப் போவதில்லை. அதே கணக்கில், மூன்று தாள் போனால் ஓராண்டே போயிற்று என்று முடிவு செய்துவிட்டான். வீட்டில் சொல்ல அஞ்சி, கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பத்து நாளாகக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களில் பலருக்கு இந்த விதிகள் தெரிந்திருக்கும். ஆனாலும் மாணவர்களிடம் சொல்வதற்காக ஒருமுறை தொகுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் மாநிலக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஆண்டுக்கு இரண்டு பருவங்கள். பெரும்பாலான தாள்களுக்கு அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என மொத்தம் 100 மதிப்பெண். இளநிலைப் பட்டத்தில் தேர்ச்சிக்குப் பொதுவாக 40 தேவை. பல பல்கலைக்கழகங்களில் பருவத் தேர்வில் மட்டும் 75-க்கு 30 எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. எனவே அகமதிப்பீட்டில் 20 வாங்கிய மாணவர் பருவத் தேர்வில் 25 எடுத்தால், கூட்டல் 45 ஆனாலும் அந்தத் தாள் நின்றுவிடும். "நாற்பதுக்கு மேல இருக்கே, எப்படிப் போச்சு?" என்று குழம்பும் முதலாண்டு மாணவர்கள் நிறையப் பேர்.

நின்ற தாள்தான் அரியர். பொதுவாகக் கலை அறிவியல் படிப்புகளில் அரியர் இருந்தாலும் அடுத்த பருவத்துக்குப் போகலாம். அந்தத் தாளை மட்டும் அடுத்து வரும் தேர்வில் மீண்டும் எழுதலாம். அதற்குத் தனியாகக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் தவறினால் மீண்டும் ஒரு பருவம் காத்திருக்க வேண்டியதுதான். விடைத்தாள் நகல் கேட்பதற்கும் மறுமதிப்பீடு கேட்பதற்கும் வழி உண்டு. அவற்றுக்கும் முடிவு வந்த பிறகு சில நாட்களே அவகாசம். மருத்துவம் போன்ற படிப்புகளில் விதிகள் வேறு.

அரியரைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது வருகைப் பதிவு. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் விதிகளின்படி 75 விழுக்காடு வருகை தேவை. 65-க்கும் 75-க்கும் இடையே இருந்தால், உடல்நலக் குறைவு போன்ற காரணங்களுக்குச் சான்று காட்டித் தேர்வு எழுத அனுமதி பெற வழி இருக்கிறது. அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க நேரிடும். கலைக் கல்லூரிகளிலும் 75 என்பதே பொதுவான எல்லை. அதாவது மூன்று அரியரோடு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பவருக்குப் பெரிய இழப்பில்லை. மூன்று அரியருக்குப் பயந்து நின்றுவிடுபவருக்குத்தான் உண்மையான இழப்பு. என் மாணவன் இரண்டாவதைச் செய்துகொண்டிருந்தான்.

தொலைபேசி எண் மாறிய கதை

விடுமுறை முடிந்ததும் அவனை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கணிதத் துறையில் விசாரித்து, அவனுடைய வகுப்பு டியூட்டரைச் சந்தித்தோம். அவர் கோபப்படவில்லை. மேசையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். என் மாணவனின் பெயர், முகவரி, அகத்தேர்வு மதிப்பெண், வருகை எல்லாம் ஒரு பக்கத்தில் இருந்தன. கீழே இரண்டு தேதிகள் போட்டு, 'தொடர்பு கொள்ள இயலவில்லை' என்று எழுதியிருந்தார்.

"ரெண்டு தடவை போன் போட்டேன் சார். ஸ்விட்ச்டு ஆஃப்னு வருது" என்றார். சேர்க்கையின்போது கொடுத்திருந்தது அவன் அப்பாவின் பழைய எண். அதை மாற்றி நான்கு மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

"வாரத்துல மூணு நாள் சாயங்காலம் இங்கதான் உக்காந்திருக்கேன். சந்தேகம் இருந்தா வாங்கன்னு முதல் வாரமே சொன்னேன். வர்றவங்க எல்லாம் ஏற்கெனவே நல்லாப் படிக்கிற நாலு பேர்தான். தேவைப்படுறவங்க வர்றதே இல்ல சார்" என்றார் அந்த அம்மையார்.

அவர் சொன்னது என் வகுப்பறைக்கும் பொருந்தும் என்று அப்போதே உறைத்தது. "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று நானும் தினமும் சொல்கிறேன். கை தூக்குவது அதே நான்கு பேர்தான்.

துரத்திப் பிடித்த பள்ளி, காத்திருக்கும் கல்லூரி

நம் பள்ளிகளில் உதவி மாணவரைத் தேடிப் போகிறது. மெல்லக் கற்போருக்குத் தனிப் பட்டியல் போடுகிறோம். காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசி, மூன்றாம் நாள் நேரில் போகிறோம். தேர்வுக் கட்டணமா, வங்கிக் கணக்கா, ஆதார் திருத்தமா, எல்லாவற்றையும் வகுப்பாசிரியரே பின்னால் நின்று முடித்துக் கொடுக்கிறார். இதில் தவறு ஒன்றும் இல்லை. இப்படிச் செய்யாவிட்டால் பல பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பையே தொட்டிருக்க மாட்டார்கள்.

கல்லூரியிலும் உதவி இருக்கிறது. ஆனால் அது ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறது. மாணவர்தான் எழுந்து போக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் துரத்திப் பிடிக்கப்பட்ட பிள்ளை, ஜூன் மாதத்தில் ஒரே நாளில் தானே தேடிப் போகும் பிள்ளையாக மாறிவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்தப் பழக்கத்தை எங்கே கற்றிருக்கும்?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். நம் வகுப்பறைகளிலோ அழாத பிள்ளைக்குத்தான் 'நல்ல பிள்ளை' என்று பெயர். என் மாணவனுக்கு நான் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழில்கூட 'அமைதியானவர்' என்றுதான் எழுதியிருந்தேன்.

யாரிடம், எதற்கு?

கல்லூரியில் யார் யார் என்ன உதவி செய்வார்கள் என்பது நமக்குத் தெளிவாக இருந்தால்தான் மாணவருக்குச் சொல்ல முடியும். பெயர்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாமவர் வகுப்பு டியூட்டர் அல்லது வழிகாட்டி ஆசிரியர். 'மென்டார்' என்றும் சொல்வார்கள். பொறியியல் கல்லூரிகளில் 'ஃபேகல்டி அட்வைசர்'. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாணவர்களை அவர் பொறுப்பில் விட்டிருப்பார்கள். எந்தப் பாடத்தைத் தேர்வு செய்வது, வருகை எவ்வளவு இருக்கிறது, அரியரை எப்படி முடிப்பது, வீட்டில் சிக்கல் என்றால் என்ன செய்வது என எதற்கும் முதலில் போக வேண்டியது இவரிடம்தான். இது அவருடைய தனிப்பட்ட தயவன்று. கல்லூரிகளை மதிப்பிடும் தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவான நாக், ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விவரத்தைக் கல்லூரிகளிடம் கேட்டு வந்திருக்கிறது. "தொந்தரவு பண்றோமோ" என்று தயங்கும் மாணவரிடம் இதைச் சொல்லலாம்.

இரண்டாமவர் பாட ஆசிரியர். ஒரு பாடம் புரியவில்லை என்றால் நேரே அவரிடம் போகலாம். வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால், வகுப்பு முடிந்து அவர் துறை அறைக்குப் போகும்போது கேட்கலாம்.

மூன்றாமவர் துறைத்தலைவர். முதல் இருவரிடமும் தீராத சிக்கலுக்கு இவர். பொறியியல் கல்லூரிகளில் வகுப்புக் குழு என்ற ஒன்றும் உண்டு. மாணவர்களும் அதில் உறுப்பினர்கள். அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தாத ஓர் ஆசிரியர் அதற்குத் தலைவராக இருப்பார். ஒரு பாடம் பலருக்கும் புரியவில்லை என்பதை யார் மனமும் நோகாமல் சொல்ல ஏற்ற இடம் அது.

அடுத்து அலுவலகங்கள். கல்வி உதவித்தொகைக்கு ஒரு பிரிவு; தேர்வு விண்ணப்பம், மறுமதிப்பீடு, மதிப்பெண் பட்டியலுக்குத் தேர்வுப் பிரிவு. நம் மாணவர்கள் அதிகம் பயப்படுவது இந்தச் சன்னல்களுக்கு முன்னால்தான். "நாளைக்கு வா" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மறுபடி போக மாட்டார்கள்.

நூலகத்தையும் மூத்த மாணவர்களையும் மறந்துவிடக் கூடாது. நூலகத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் இருக்கும். எந்த ஆசிரியரிடம் எப்போது போகலாம் என்பது மூத்த மாணவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மனம் சோர்ந்துபோனால் கல்லூரியிலேயே ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்கலாம். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பகடிவதை என்றால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் கல்லூரி போகும் ஒவ்வொரு மாணவரின் கைபேசியிலும் நாமே பதிவு செய்து அனுப்பலாம்.

"இது நீங்க நடத்தினதுதானா சார்?"

அன்று டியூட்டர் அவனுடைய நின்றுபோன தாள்களில் ஒன்றின் வினாத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். முழுவதும் ஆங்கிலம். 'தியரி ஆஃப் ஈக்குவேஷன்ஸ்' பகுதியிலிருந்து ஒரு வினா. மூலங்களுக்கும் கெழுக்களுக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு தீர்க்க வேண்டிய முப்படிச் சமன்பாடு. நான் அவனிடம் தாளைத் தள்ளி, "இது சமன்பாட்டியல்டா. பன்னிரண்டாம் வகுப்புல மூணாவது பாடம்" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். "இது நீங்க நடத்தினதுதானா சார்?"

அவனுக்கு 'சார்பு' தெரியும், 'ஃபங்ஷன்' தெரியாது. 'அணிக்கோவை' தெரியும், 'டிட்டர்மினன்ட்' என்றால் மிரண்டான். வகையிடல், தொகையிடல், எல்லை, கலப்பெண் எல்லாம் அவன் கைக்குள் இருந்தவை. ஆங்கிலப் பெயரோடு வந்ததும் அவற்றை அவன் அடையாளம் காணவில்லை. கணிதத்தில் தோற்றதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில் ஐம்பது அறுபது சொற்கள்தான் குறுக்கே நின்றன. இதை முதல் மாதத்திலேயே யாரிடமாவது சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும்.

தமிழ்வழியில் படித்த மாணவர் இதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. தமிழில் தேர்வு எழுதலாமா என்று முதல் வாரமே துறையில் கேட்க வேண்டும். ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத மாணவரை அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழ்வழியில் கற்பிக்கப்பட்டன. சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களின் 'என்பிடெல்' காணொலிப் பாடங்களில் பலவற்றுக்குத் தமிழ் எழுத்து வடிவம் கிடைக்கிறது. பல கல்லூரிகள் முதலாண்டின் தொடக்கத்தில் இணைப்புப் பாட வகுப்புகள் நடத்துகின்றன. முதல் வாரங்களில் பாடம் சரியாகத் தொடங்காது என்று நினைத்து ஊரிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான்.

ஏன் கேட்பதில்லை?

அவனிடம் கேட்டேன். "இவ்வளவு பேர் இருக்காங்களே, ஒருத்தர்கிட்டகூட ஏன் கேக்கல?"

"என்ன கேக்கறதுன்னு தெரியல சார். எல்லாமே புரியலன்னு எப்படிச் சொல்றது?"

அதுதான் முதல் காரணம். கேள்வி கேட்பதற்கே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 'எல்லாமே புரியவில்லை' என்பது கேள்வியன்று. அதை ஐந்து சிறு கேள்விகளாக உடைக்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது காரணம், 'இது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை' என்ற எண்ணம். சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவதைப் பார்த்து அவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது என்று நம்புகிறது பிள்ளை. வீட்டில் கல்லூரி போனவர் யாரேனும் இருந்தால், "எனக்கும் முதல் செமஸ்டர்ல ரெண்டு போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

மூன்றாவது, கேட்டால் திட்டு விழும் என்ற பயம். இதற்கு நம்மிடமும் பங்கு உண்டு. "இதுகூடத் தெரியாதா?" என்று நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் ஒருவனை மட்டும் அடக்குவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் நாற்பது பேரையும் அடக்குகிறது.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

இதைக் கல்லூரி வாசலில் கற்றுக்கொடுக்க முடியாது. ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டியது. எங்கள் பள்ளியிலும், அருகிலுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளி நண்பர்களிடமும் பேசி, செய்து பார்த்தவற்றை இங்கே தருகிறேன்.

தொடக்க வகுப்புகளில், "புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்தினோம். அதற்கு "புரிஞ்சுது டீச்சர்" என்ற ஒரே பதில்தான் வரும். "இதுல உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லும் குழந்தைக்குக் கைதட்டல். விடை சொன்னவருக்கு மட்டுமே கைதட்டி வந்த வகுப்பில் இது சிறிய மாற்றம்தான். ஆனால் குழந்தைகள் அதை உடனே கவனிக்கிறார்கள்.

நடுநிலை வகுப்புகளில், சந்தேகத்தைக் குறிப்பாகச் சொல்லப் பழக்குகிறோம். 'கணக்கு புரியல' என்று சொல்லக் கூடாது. 'மூணாவது வரியிலேருந்து நாலாவது வரி எப்படி வந்துச்சு?' என்று கேட்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாரம் ஒரு சந்தேகமாவது எழுதியிருக்க வேண்டும். நான் திருத்துவது அதிலுள்ள தவறுகளை அல்ல. கேள்வி எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில், மாணவர் தானே போய்ச் செய்யக்கூடிய வேலையை நாம் செய்து கொடுப்பதில்லை. படிப்புச் சான்று வேண்டுமா? தலைமை ஆசிரியருக்கு விண்ணப்பம் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, எப்போது கிடைக்கும் என்று கேட்டு, வாங்கி வர வேண்டியது அவர் பொறுப்பு. வங்கிக் கணக்கில் சிக்கல் என்றால் அவர்தான் வங்கிக்குப் போய்ப் பேச வேண்டும். தேவைப்பட்டால் நாம் பக்கத்தில் நிற்கலாம். நேரம் கூடுதலாக ஆகும். ஆனால் 'நாளைக்கு வா' என்று சொன்னாலும் நாளைக்குப் போய் நிற்கும் தைரியம் இதில்தான் வருகிறது.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் நான்கு வேலைகள். ஒன்று, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிரே எழுதி ஒரு தனி நோட்டு. எங்கள் மாணவர்கள் அதை இப்போது கல்லூரிக்கும் எடுத்துப் போகிறார்கள். இரண்டு, நடித்துப் பார்ப்பது. நான் டியூட்டராக உட்கார்ந்துகொள்வேன். மாணவர் வந்து தன் பெயர், வகுப்பு, சிக்கல், தனக்கு வேண்டிய உதவி ஆகியவற்றை ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். சில நேரம் வேண்டுமென்றே, "இப்ப வேலையா இருக்கேன், அப்புறம் வா" என்பேன். "எப்ப வரட்டும் சார்?" என்று அவர் கேட்டால்தான் தேர்ச்சி. மூன்று, முன்னாள் மாணவர்களை அழைத்துப் பேசவைப்பது. முதலிடம் பிடித்தவரை மட்டுமல்ல, அரியர் வைத்துப் பிறகு முடித்தவரையும் அழைக்கிறோம். அவர் பேசும்போதுதான் கூட்டம் அதிகம் கேட்கிறது.

நான்காவது, ஒரு சீட்டு. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்துக்குள் விடை தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் அதில் இருக்கும்.

என் டியூட்டர் யார், எங்கே, எப்போது சந்திக்கலாம்?
ஒவ்வொரு பாட ஆசிரியரின் பெயர் என்ன?
அகமதிப்பீட்டு மதிப்பெண் எதற்கு எவ்வளவு?
தேர்ச்சிக்குத் தனித்தனியே எவ்வளவு தேவை?
வருகை குறைந்தால் விதி என்ன?
எந்த மொழியில் தேர்வு எழுதலாம்?
உதவித்தொகைப் பிரிவு எங்கே, கடைசி நாள் எப்போது?
பழைய வினாத்தாள்கள் எங்கே கிடைக்கும்?
என் தொலைபேசி எண் கல்லூரிப் பதிவேட்டில் சரியாக இருக்கிறதா?

கடைசிக் கேள்வி ஏன் சேர்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று தொலைபேசி அழைப்புகள்

கல்லூரி சேர்ந்த மாணவரை மூன்று முறை அழைக்கிறோம். சேர்ந்த நான்காவது வாரம் ஒருமுறை. அந்தச் சீட்டில் எத்தனைக்கு விடை கிடைத்தது என்று கேட்க. முதல் அகத்தேர்வு முடிந்ததும் ஒருமுறை. முதல் பருவத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் ஒருமுறை. மூன்றாவது அழைப்பு மிக முக்கியம். நின்றுவிடலாமா என்று ஒரு பிள்ளை தனியாக யோசிப்பது அந்த வாரத்தில்தான். வேலையை ஆசிரியர்களுக்குள் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். அழைக்கும்போது அவருடைய சிக்கலை நாமே தீர்த்து வைக்க முயல்வதில்லை. "இதை யார்கிட்ட கேக்கணும்னு நினைக்கிற?" என்று கேட்டு, அவரையே போகச் சொல்கிறோம்.

இவ்வளவு செய்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். தைரியமாகப் போய்க் கேட்டும் சலிப்பான பதில் வாங்கி வந்தவர்கள் உண்டு. அறுபது எழுபது பேரை வைத்துக்கொண்டு திணறும் கல்லூரி ஆசிரியர்களும் உண்டு. அதனால்தான் ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்லித் தருகிறோம். முதல் கதவு திறக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடாமல் இரண்டாவதைத் தட்டத் தெரிந்தால் போதும்.

என் மாணவன் அன்றே கல்லூரிக்குத் திரும்பினான். வாரம் இரண்டு நாள் மாலையில் டியூட்டரிடம் போய் உட்கார்ந்தான். அடுத்த தேர்வில் மூன்று அரியரில் இரண்டை முடித்துவிட்டான். ஒன்று இன்னும் நிற்கிறது. அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, "அந்தப் பேப்பருக்கு ஆன்சர் ஷீட் காப்பி வாங்கிட்டேன் சார். எங்க மார்க் போச்சுன்னு நாளைக்கு மேடம்கிட்டக் கேக்கப் போறேன்" என்றான்.

இந்த ஆண்டு அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுத நேர்ந்தால், 'அமைதியானவர்' என்று எழுதமாட்டேன்.